ஒரே லேயர்

அந்த வீட்டில் லேப்டாப் ஒன்று, அதை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் இருவர். அதுவும் ஒரே வகுப்பில். பெரியவள் பள்ளி முடித்த கையோடு மருந்துக் கடை கவுன்ட்டரில் போய் நின்றாள். முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, அப்பா பஸ் ஓட்ட முடியாமல் படுத்திருந்த காலம் அது. அவர் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள் சின்னவனும் பள்ளியை முடித்துவிட்டான். இருவரும் ஒன்றாக டிசைன் படிப்பில் சேர்ந்தார்கள். அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சா என்று வகுப்பே சிரித்தது. அவள் அதைத் தோளில் விழுந்த தூசியைப் போலத் தட்டிவிட்டாள்.

ஆனால் இருவருக்கும் விட்டிருந்த கயிறு ஒரே நீளம் இல்லை. பெரியவளுக்கு ஒரு வருடம் என்று அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொல்லியிருந்தார். அதற்குள் இந்தப் படிப்பால் ஒரு வேலைக்கு வழி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இருக்கவே இருக்கிறது மருந்துக் கடை. சின்னவனுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்படித்தான் பல வீடுகளில் பல சட்டங்கள் அமலுக்கு வருகின்றன.

முதல் நாளே வகுப்பில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. லேப் சார் என்று எல்லோரும் கூப்பிடும் ஆசிரியர், முதல் வருடம் ஒரே ஒரு மென்பொருளை மட்டும் உருப்படியாகப் படியுங்கள், இரண்டையும் நுனிப்புல் மேய வேண்டாம் என்றார். போட்டோஷாப்பா, இல்லஸ்ட்ரேட்டரா? முன்னது புகைப்படம், நிழல், நிறம் என்று பொடிப் பொடிப் புள்ளிகளால் ஆனது. பின்னது கோடுகளும் வடிவங்களுமாக நிற்பது. அதில் போட்ட படத்தை நகத்தளவுக்கும் அச்சடிக்கலாம், கட்டடத்தின் நெற்றியிலும் மாட்டலாம். எதில் தொடங்குவது என்று கேட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்சின் மருமகனுக்குத் தெரிந்திருந்தது. இணையத்தில் ஒருவர் முதலாவதுதான் என்று அடித்துச் சொன்னார். அடுத்தவர் அதே குரலில் இரண்டாவதுதான் என்று சொன்னார்.

பெரியவள் யாரையும் கேட்காமல் போட்டோஷாப்பை எடுத்தாள். சின்னவன் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு இல்லஸ்ட்ரேட்டரை எடுத்தான். அங்கேதான் சண்டை தொடங்கியது. லேப்டாப்பின் வயிறு சின்னது. இரண்டில் ஒன்றுக்குத்தான் அதில் இடம். ஒரு உறையில் இரண்டு கத்தி எப்படிப் போகும்? ரெண்டும் படம் போடுறதுதானே, யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்களேன் என்று அம்மா பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு வருடக் கெடு யாருக்கோ அவளுக்கே லேப்டாப் என்று அம்மாவே தீர்ப்பு சொன்னாள். சின்னவன் கல்லூரி லேபிலேயே பழகிக்கொள்ள வேண்டும். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் மனசுக்குள் அது நியாயம்தான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கூடுதலாக எரிச்சல் வந்தது.

வருடக் கடைசியில் ரிவியூ. ஒவ்வொருவரும் தாங்கள் செய்த வேலையை எல்லோர் முன்னாலும் திரையில் திறந்து காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஒரு டிசைன் ஸ்டுடியோவை நடத்தும் அம்மாள் வருவார். ஒரு மாற்றம் சொல்வார். அதை அங்கேயே, அவர் கண் முன்னாலேயே செய்து காட்ட வேண்டும். போகும்போது ஒரே ஒருவரைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அப்படிப் போனவர்கள் அநேகமாக அங்கேயே வேலையில் நின்றுவிடுவார்கள். அந்த ஒரு இடம் யாருக்கு என்று வகுப்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெரியவளின் விரல்கள் மவுஸைப் பிடித்தால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு விதி மட்டும் மிகவும் கடுமையானது. ஒருவருடைய கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வைத்தது தெரிந்தால் வைத்தவரும் வெளியே, விட்டவரும் வெளியே. போன வருடம் இரண்டு நண்பர்கள் அப்படிப் போனார்கள். அழுதும் பயனில்லை.

ரிவியூவுக்கு முதல் நாள் மதியம் பெரியவள் வேலையை முடித்தாள். நீச்சல் பள்ளிக்கு ஒரு சுவரொட்டி. தண்ணீருக்கு அடியில் ஒரு சிறுமி, கண்ணைத் திறந்து, கூந்தல் மிதக்க, நம்மையே பார்க்கிறாள். மேலே வெளிச்சம் சாய்ந்து இறங்குகிறது, அவளைச் சுற்றிக் குமிழ்கள். ஒவ்வொன்றும் தனி லேயரில் இருந்தது. கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோலத் தண்ணீர் ஒரு தாளில், சிறுமி ஒரு தாளில், கூந்தல் பல தாள்களில், எழுத்து ஒரு தாளில். எதை வேண்டுமானாலும் தொட்டு நகர்த்தலாம், மற்றது கலையாது. சேமித்துவிட்டு அவள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். பல நாள் தூக்கம் பாக்கி. வேலைக்குக் கிளம்பிய அம்மா சின்னவனிடம், கூரை இடிஞ்சாலும் அவளை எழுப்பாதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னவனுக்கோ வேலை முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிப் படங்கள் அவனுடையவை. படிக்கட்டு, லிப்ட், எக்ஸ்ரே அறை, வெளியே போகும் வழி. இன்னும் நாலைந்து பாக்கி. ரிவியூவுக்கு நாற்காலி போட வேண்டும் என்று லேபைப் பூட்டிவிட்டார்கள். அவன் லேப்டாப்பைத் திறந்தான். இல்லஸ்ட்ரேட்டரை இறக்கிப் பார்த்தான். இடமில்லை என்றது.

எது இடத்தை அடைத்திருக்கிறது என்று தேடினான். அக்காவின் கோப்புதான். ஒரே ஒரு சுவரொட்டி, யானை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதோடு அதன் பழைய பிரதிகள் வேறு. கடைசி, நிஜக் கடைசி, இதுதான் கடைசி, சத்தியமாகக் கடைசி என்று பெயர்கள். அவன் சிரித்துக்கொண்டே சத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். அப்படியும் போதவில்லை. பிறகு அந்த ஒரு கோப்பைத் திறந்து, எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்துச் சேமித்தான். யானை பூனையாயிற்று. படம் இம்மியும் மாறவில்லை. கிடைத்த இடத்தில் இல்லஸ்ட்ரேட்டரை ஏற்றி, பாக்கிப் படங்களையும் முடித்தான்.

அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவன் படித்த மென்பொருளில் அது ஒன்றும் பெரிய விஷயமே இல்லை. அங்கே எல்லா லேயரையும் ஒன்றாக்கினாலும் ஒவ்வொரு வடிவமும் தனித்தனியாகவே இருக்கும். அம்பைத் தொட்டால் அம்பு வரும், படியைத் தொட்டால் படி வரும். நாலு அலமாரித் துணியை ஒரே அலமாரியில் அடுக்குவது மாதிரி. நூறு தடவை செய்திருக்கிறான். அக்காவின் அலமாரியையும் அப்படித்தான் ஒழுங்குபடுத்தியதாக நினைத்தான். படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, அதனால் விதியையும் மீறவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். ஒரே உறையில் இரண்டு கத்தியையும் வைத்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் முகத்தில் எப்போதும் அந்தப் பெருமை இருக்கும்.

காலையில் வீடே பரபரத்தது. பெரியவள் எழுந்ததே தாமதம். கோப்பைப் பென்டிரைவில் ஏற்றினாள். என்ன இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் ஏறிடுச்சு என்று ஆச்சரியப்பட்டாள். லேப்டாப்பை நான்தான் சுத்தம் பண்ணி வெச்சேன் என்றான் அவன். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தட்டு அவனுக்குப் பிறகு நெடுநேரம் வலித்தது.

லேபில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வாசலிலேயே போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். முன்னால் பெரிய திரை, அதன் கீழே ஒரு கணினி. பக்கத்து மேசையில் லேப் சாரும் ஸ்டுடியோ மேடமும். மேடம் குள்ளமான பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டார். இதை ஏன் முதல்ல கத்துக்கிட்டே? நண்பன் எடுத்தான், அதனால் எடுத்தேன் என்று பாதிப் பேர் உண்மையைச் சொன்னார்கள். மீதிப் பேர் இணையத்தில் படித்ததை ஒப்பித்தார்கள்.

பெரியவள் முன்வரிசையில் இருந்தாள். அவளுக்கு நேர் பின்னால் சின்னவன். அவனுக்குப் பக்கத்தில் ரேடியோ. வாயை மூடத் தெரியாத பையன் என்பதால் வகுப்பில் வைத்த பெயர். அவனும் போட்டோஷாப்காரன். திரையில் யாரோ ஒருத்தி தன் படத்தில் நிலாவை லேயரோடு பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவன் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். உங்க சாப்ட்வேர்ல எல்லா லேயரையும் ஒண்ணாக்கி சேவ் பண்ணிட்டா, அப்புறம் நிலாவை எப்படி எடுப்பீங்க?

"எடுக்கவா? டீயில கலந்த சக்கரையை நீ எப்படி எடுப்பே?" என்றான் ரேடியோ.

சின்னவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மூடித் திறந்தா கூடவா வராது என்று கேட்டான். சேவ் பண்ணி மூடிட்டா பிரம்மனே வந்தாலும் வராது, பழைய காப்பி இருந்தா பொழச்சே, இல்லேன்னா அம்பேல் என்று ரேடியோ ஒலிபரப்பினான். கடைசி, நிஜக் கடைசி, இதுதான் கடைசி. ஒவ்வொன்றாக அழித்தது சின்னவனுக்கு நினைவுக்கு வந்தது. குப்பைத் தொட்டியைக் காலி செய்யவா என்று லேப்டாப் கேட்டதும், சரி என்று அழுத்தியதும் நினைவுக்கு வந்தன.

அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்தான். அவளுடைய ஈரம் காயாத பின்னல் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சட்டைத் தோளைத் தொட்டு, குனிந்து, ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அவன் முன்னால் சாய்ந்தான். மறுபடியும் பின்னால் சாய்ந்துகொண்டான். இப்போது சொன்னால் அவள் கை நடுங்கும், சொல்லாவிட்டால் ஒருவேளை சின்ன மாற்றமாகக் கேட்டு விட்டுவிடுவார்கள், நிறத்தைக் கொஞ்சம் கூட்டு குறை என்று கேட்டால் தப்பிவிடலாம். இப்படியெல்லாம் காரணம் வந்தது. காரணத்துக்கா பஞ்சம்? பயந்தவனுக்குத்தான் அது மூட்டை மூட்டையாக வரும். அவன் பயந்தான், அவ்வளவுதான். அது அவனுக்கும் தெரிந்தே இருந்தது.

ஒருவர் முடித்தார். இன்னொருவர் முடித்தார். அவன் இரண்டாம் முறை சாய்ந்து அவள் தோளைத் தொட்டேவிட்டான். அவள் திரும்பி, கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். அதே நேரம் லேப் சார் அவள் எண்ணைக் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்லத்தான் தொட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

திரையில் படம் வந்ததும் லேபில் பேச்சு நின்றது. தண்ணீருக்கு அடியிலிருந்து அந்தச் சிறுமி எல்லோரையும் பார்த்தாள். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மருந்துக் கடையில நின்னப்ப நாள் முழுக்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன் மேடம். வலியோட வர்ற முகம். அதைக் கோடு போட்டுச் சொல்ல எனக்கு வரலை. நிழல் தேவைப்பட்டுது."

மேடம் தலையை ஆட்டினார். பிறகு சுவரொட்டியின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக் காட்டினார். நீச்சல் பள்ளிக்காரர்கள் இங்கே வகுப்பு நேரத்தைப் போடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள், சிறுமியை வலப்பக்கம் தள்ளிவிட்டு இந்த இடத்தைக் காலி பண்ணிக் கொடு என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த ரேடியோ, இவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றான்.

பெரியவள் சிறுமியின் லேயரைத் தேர்ந்தெடுக்க மவுஸை நகர்த்தினாள். லேயர்கள் அடுக்காக நிற்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அவள் கை நின்றது. மேலே தேடினாள், கீழே தேடினாள். கோப்பை மூடி மறுபடியும் திறந்தாள். அப்போதும் ஒரே வரி. அவள் மெல்லத் திரும்பினாள். யாரையும் தேடவில்லை. நேராக அவனைத்தான் பார்த்தாள். சுத்தம் பண்ணி வெச்சேன் என்று காலையில் அவன் சொன்னது இப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்ததுபோல இருந்தது அந்தப் பார்வை.

என்ன, லேயர் எங்கே என்றார் லேப் சார். அவர் குரல் மாறியிருந்தது. இது உன் கோப்புதானே, வேறு யாராவது கை வைத்தார்களா என்று கேட்டார்.

சின்னவன் எழுந்தான். நாற்காலி கிரீச்சென்று பின்னால் போனது. நான்தான் சார் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் உண்மையைச் சொன்னால் அவன் மட்டும் வெளியே போக மாட்டான். அவளும் போவாள். நேராக மருந்துக் கடைக் கவுன்ட்டருக்கே போவாள். சொல்லாமல் உட்கார்ந்தாலும் அவள் தலைதான் உருளும். எழுந்தபடியே நின்றான்.

"அவனுக்கு எப்பவும் அவசரம் சார், அவன் நம்பர் இன்னும் வரலை" என்றாள் பெரியவள், திரும்பாமலே. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "லேப்டாப்ல இடம் இல்லை. நான்தான் எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துட்டேன். என் தப்புதான்."

அவள் பொய் சொல்லி அவன் கேட்டதே இல்லை. சின்ன வயதில் உடைந்த கண்ணாடிக்குக்கூட அவன்தான் பொய் சொல்வான், அவள் காட்டிக்கொடுப்பாள். அவன் உட்கார்ந்தான்.

லேயரைச் சேர்த்து வைக்கிற கோப்பு கோப்பே இல்லை, பாதி மதிப்பெண் இப்போதே போயிற்று என்றார் லேப் சார். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, சரி, கொஞ்ச நேரம் தருகிறேன், இதிலேயே செய்ய முடிந்தால் செய் என்று சொல்லி, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெரியவள் முதலில் சிறுமியைச் சுற்றிக் கோடு இழுத்து வெட்டப் பார்த்தாள். முகம் வந்தது, கை வந்தது. கூந்தல் வரவில்லை. மிதக்கிற ஒவ்வொரு இழையிலும் தண்ணீர் கலந்திருந்தது. வெட்டிய இடத்தில் கூந்தல் கத்தரித்த துடைப்பம் மாதிரி மொட்டையாக நின்றது. பின்வாங்கினாள். மறுபடியும் வெட்டினாள். மறுபடியும் மொட்டை. பின்னால் யாரோ பாவம் என்றார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று சின்னவன் முடிவு செய்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் அவன். உடைத்தவனுக்கு, உடைந்த தாழியோடு அவள் தனியாகப் போராடுவதைப் பார்க்கிற தண்டனையும் கிடைத்திருந்தது. அந்தக் கூந்தலை அவள் எப்படி வரைந்தாள் என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ மாலைகள், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டபடி பார்த்திருக்கிறான்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்துச் சின்னவன் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது படம் அகலமாகிக்கொண்டிருந்தது. அவள் சிறுமியைத் தொடவே இல்லை. சுவரொட்டியின் இடது ஓரத்துக்கு அப்பால் வெற்றிடம் சேர்த்து, உள்ளிருந்த தண்ணீரை எடுத்து அங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டிருந்தாள். நீலம், அதன் மேல் இன்னொரு நீலம், சாய்ந்து இறங்கும் வெளிச்சத்தின் நீட்சி. பிறகு வலது ஓரத்தில் மிச்சமிருந்த தண்ணீரை வெட்டி எறிந்தாள். சிறுமி இருந்த இடத்திலேயே இருந்தாள். சுற்றியிருந்த குளம்தான் நகர்ந்திருந்தது. பார்க்கிறவனுக்கு அவள் வலப்பக்கம் போயிருந்தாள், கூந்தலில் ஓர் இழையும் அறாமல். மேலே இருந்த எழுத்தின் மீது தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, அதை வேறிடத்தில் புதிதாக எழுதினாள். இந்தத் தடவை தனி லேயரில்.

மேடம் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இடது மூலையில் ஒரே மாதிரி இரண்டு குமிழ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தண்ணீரை நகல் எடுத்தபோது குமிழும் சேர்ந்து வந்துவிட்டது. இது என்ன ரெட்டைப் பிள்ளையா என்று கேட்டார். பெரியவள் ஒன்றை அழித்தாள். போய் உட்கார் என்றார் மேடம். அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். சின்னவனைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, கையிரண்டையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் முறை வந்தபோது மேடம் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா அதை எடுத்தா, அதுக்கு எதிரா இருக்கட்டும்னு நான் இதை எடுத்தேன் என்றான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. வெளியே போகும் வழிக்கான படத்தில் ஓடுகிற மனிதனை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். ஒரே தொடல், திரும்பியிருப்பான். அவன் மவுஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். தெரியாது என்று சொல்லிவிட்டால் போட்டியில் ஒரு தலை குறையும். அக்காவுக்கு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தான். பெரியவள் அவனை முறைத்துக்கொண்டிருந்தாள். உன் பிச்சை எனக்கு வேண்டாம் என்று அந்த முறைப்புக்கு அர்த்தம். அவன் மனிதனைத் திருப்பினான். மனிதன் வாசலைப் பார்த்து ஓடினான்.

எல்லோரும் முடித்தபின் லேப் சார் மதிப்பெண்களை வாசித்தார். பெரியவளுக்கு நடுவரிசை. சின்னவனுக்கு அவளைவிட மேலே. அந்த மதிப்பெண்ணைக் கழற்றி எங்கேயாவது வீசிவிட முடியுமா என்று அவன் தவித்தான். மேடம் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பெரியவளைக் காட்டி, இவளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். லேப் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. லேயர்கூட வைக்கத் தெரியாத பெண்ணையா என்று கேட்டேவிட்டார்.

"எங்ககிட்ட வர்றவங்க லேயரோடவா சார் வர்றாங்க? போன்ல வந்த ஒரு தட்டைப் படத்தை நீட்டி, இதுல இருக்கிற ஆளைக் கொஞ்சம் நகர்த்துங்கன்னுதான் கேக்கறாங்க. அதைத்தான் தினமும் செய்யறோம்" என்றார் மேடம். பிறகு பெரியவளிடம் திரும்பி, "ஆனா இடமில்லைன்னு என் ஸ்டுடியோவுல லேயரைச் சேர்த்தே, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். இது பொறுப்பில்லாதவங்க செய்யற வேலை."

"இனிமே செய்ய மாட்டேன் மேடம்" என்றாள் பெரியவள்.

தான் வாங்க வேண்டிய வசவை அவள் கையைக் கட்டிக்கொண்டு வாங்குவதைச் சின்னவன் நின்று பார்த்தான். அவள் தோற்றிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ரேடியோ பின்சீட்டிலிருந்து எட்டி, லேயர் இருந்திருந்தா உனக்கு இது கெடைச்சிருக்காது போல, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று வாழ்த்திவிட்டு இறங்கிப் போனான். சின்னவன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். மூழ்குகிறவனுக்கு எதுவும் கட்டைதான். அப்படிப் பார்த்தா, என்று தொடங்கினான்.

"நீ மட்டும் அதைச் சொல்லிடாதே" என்றாள் பெரியவள். குரல் உயரவில்லை. "கெடைச்சுது, சரி. அது வேற. அந்த முடியை ஒவ்வொரு இழையா வரைஞ்சேன்டா. தனித்தனியா வெச்சிருந்தேன். எப்ப வேணும்னாலும் திறந்து, அதை மட்டும் அசைச்சுப் பார்ப்பேன். இனிமே அது இல்லை. என்னை எழுப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

அம்மா எழுப்பாதேன்னு சொன்னா என்று அவன் சொல்ல நினைத்தான். நல்லவேளையாகச் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, அப்போ மருந்துக் கடைக்காரர்கிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன் என்றார். அதற்கு மேல் சந்தோஷப்பட அவருக்குத் தெரியாது. பெரியவள் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்து, அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சின்னவன் கதவோரமாக வந்து நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தவன்தான். ஆனால் மன்னிச்சுக்கோ என்பது அவனுக்கே மலிவாகத் தெரிந்தது. உன்னோட சாப்ட்வேரை நானும் கத்துக்கறேன், சொல்லித் தர்றியா என்று கேட்டான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எதுல இருந்துக்கா ஆரம்பிக்கணும்?"

"கேக்கறதுல இருந்து."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் கழித்து அவள் லேப்டாப்பை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, துணி மடிக்கக் கட்டில் பக்கம் போனாள். லேப்டாப் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் மடியில் ஏறியிருக்கும்.

"அக்கா, இதை நான் எடுத்துக்கட்டுமா?"

அவள் ஒரு சட்டையை மடித்தாள், இன்னொன்றை எடுத்து உதறினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டாமல் அங்கேயே காத்துக்கொண்டு நின்றான்.